தட்டிக்குப் பின்னால் ஒரு குடம்

முப்பத்தாறு மணி நேரம். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தென்காசியில் ரயில் ஏறி, திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கே ரேடியோவில் அரை மணி நேரம் பாடி, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் மேலகரத்துக்குத் திரும்பி, மடைக்காத்தார் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லைக் கட்டி உட்கார்ந்துவிட வேண்டும். கொடைக்குக் கால் நாட்டியாகிவிட்டது. சாமிக்குச் சொன்ன நாளை மாற்ற முடியாது. ரேடியோக்காரர்களோ தங்கள் நாளை அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள். சொரிமுத்து அண்ணாவி இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆடி மாதம். யுத்தம் தொடங்கி இரண்டாவது வருஷம். பட்டாளத்துக்காரர்களுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் நான்கு பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜன்னலோரம் அண்ணாவி. அந்த வட்டாரத்தில் வில்லுப்பாட்டு என்றால் அவர்தான். எதிரே உடுக்கை அடிக்கிற குற்றாலிங்கமும் தாளம் போடுகிற செல்லப்பாவும். கதவோரத்தில், மடியில் குடத்தை அணைத்துக்கொண்டு மாடக்கண்ணு. குடத்தைச் சுற்றி வைக்கோல், வைக்கோலுக்கு மேல் கோணிச் சாக்கு.

திருச்சியில் குடம் கிடைக்காதா என்று டிக்கெட் பரிசோதகர் கேட்டார். கிடைக்கும், ஆனால் அதற்கு எங்கள் கதை தெரியாது என்றான் குற்றாலிங்கம். பெட்டியே சிரித்தது. மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில் மாடக்கண்ணுவும் சிரித்தான்.

மாடக்கண்ணுவுக்குக் காது கேட்காது. அது அந்த ரயிலில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ரயிலில் மட்டுமல்ல, ஊரிலும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகு இடது காதில் ஒரு இரைச்சல் தங்கியது. பிறகு இரைச்சல் வலது காதுக்கும் போயிற்று. பிறகு இரைச்சலும் போய்விட்டது. முதலில் காதில் அருவித் தண்ணீர் ஏறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தான். குற்றாலத்துக்காரனுக்கு அது நல்ல சாக்கு. ஆனால் சாரல் முடிந்து, அருவி மெலிந்து, பாறை தெரிந்த பிறகும் அதையே சொல்ல முடியாது.

அவனைக் காப்பாற்றியது அவன் தொழில்தான். வில்லுப்பாட்டில் கதை சொல்கிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார். அங்கே பக்கத்தில் இருப்பவன் “ஆமா” போட வேண்டும். ஆமா விழாவிட்டால் கதை நகராது. குடம் அடிப்பதும் ஆமா போடுவதும் பதினைந்து வருஷமாக மாடக்கண்ணுவின் வேலை. அண்ணாவியின் உதடு நின்றால் ஆமா. தாடை லேசாகத் தூக்கினால் ஆமா. மேடையில் கற்ற வித்தையை அவன் வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுபோனான். யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உதடு நின்றதும் ஆமா என்றான். மாடக்கண்ணு எதற்கும் மறுத்துப் பேசாதவன் என்று ஊரில் நல்ல பெயர் வந்தது.

வீட்டில் மட்டும் அது நல்ல பெயராக இல்லை. அவன் பெண்டாட்டி உலகம்மை அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவள், அம்மியில் குனிந்துகொண்டு பேசுகிறவள். முதுகு பேசுவது அவனுக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பாள். அவன் கயிறு திரித்துக்கொண்டிருப்பான். சில வேளை அவள் ஒன்றும் கேட்காமல் சும்மா திரும்பிப் பார்ப்பாள். அவன் ஆமா என்பான். மெல்ல மெல்ல அவள் பேசுவது குறைந்தது. ஒரு வருஷமாக அந்த வீட்டில் சோறு வைக்கிற அளவுக்குத்தான் பேச்சு.

மேடையில் அப்படி இல்லை. வில்லின் முதுகைக் குடத்தின் கழுத்தில் கிடத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அண்ணாவி வீசுகோலால் நாணில் அடித்தால் அந்த அதிர்வு வில்லில் ஓடி, கழுத்தில் இறங்கி, குடத்தின் வயிற்றுக்குள் போகும். குடத்தை மாடக்கண்ணுவின் இடது கை அணைத்திருக்கும், முழங்கால் அதன் மேல் ஒட்டியிருக்கும். நாண், வில்லில் கட்டிய மணி, உடுக்கை எல்லாம் மணிக்கட்டு வழியாக அவனுக்குள் வந்துவிடும். அண்ணாவியின் குரல்கூட வரும். அவர் தாழ்ந்த சுருதியில் இழுக்கும்போது குடத்தின் உள்ளே இருக்கிற காற்று நடுங்கும். அந்த நடுக்கத்தை அவன் எலும்பு அறியும். உலகத்தில் அவனுக்கு இன்னும் சத்தம் இருக்கிற இடம் அந்தக் குடத்தின் ஓரம் ஒன்றுதான்.

காது விஷயம் தெரிந்தால் அந்த இடம் போய்விடும். கீழப்பாவூரில் ஒரு குடக்காரன் இருக்கிறான். அண்ணாவியிடம் இரண்டு தடவை வந்து பேசிவிட்டும் போயிருக்கிறான். காது கேட்காதவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த அண்ணாவி பாடுவார்?

விருதுநகரில் வண்டி மாறினார்கள். மதுரை தாண்டும்போது வெயில் ஏறியது. கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டார்கள். அண்ணாவி எப்போதும்போல மேடை ஏறுகிற நாளில் புளி சேர்க்காமல், தயிர்சாதத்தை மட்டும் தின்றார். குற்றாலிங்கம் எதையோ சொல்லி அவரைக் கேலி செய்துகொண்டே வந்தான். மாடக்கண்ணு ஜன்னல் வழியாகப் பனைகளைப் பார்த்தான். புறப்படும்போது உலகம்மை வாசலில் ஏதோ சொன்னாள். சொல்லும்போது கோலப்பொடிச் சிரட்டையை எடுக்கக் குனிந்துவிட்டாள். என்ன சொன்னாள் என்று மணப்பாறை வரை யோசித்தான். பத்திரமாகப் போய் வாருங்கள் என்பதாக இருக்கலாம். அதற்கு ஆமா என்று சொல்லியிருந்தால் தப்பில்லை.

ரேடியோ நிலையத்தில் அவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பெரிய அறைக்குள் விட்டார்கள். தரையில் கனத்த ஜமுக்காளம். சுவரெல்லாம் ஏதோ மெத்தை மாதிரி அடித்திருந்தது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கச் சுவரில் மட்டும் பெரிய கண்ணாடி, அதற்கு அப்பால் ஒரு இருட்டு அறை. உள்ளே நுழைந்ததும் மற்ற மூவரும் நின்றுவிட்டதை மாடக்கண்ணு கவனித்தான். செல்லப்பா தாளத்தை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குற்றாலிங்கம் தொண்டையைக் கனைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, “வே, இங்கன பேசினா பேச்சு வாயை விட்டு வெளிய போக மாட்டேங்கு” என்றான். அவன் முகத்தில் பயம் இருந்தது. எதிரொலி இல்லாத அறை. மாடக்கண்ணுவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டு வருஷமாக அவன் இருக்கிற அறைதான் அது. மற்றவர்கள் இன்றைக்குத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இன்னொன்றும் அவனுக்குப் பிடித்திருந்தது. அங்கே எல்லாரும் கையால் பேசினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது, இருமக் கூடாது. ஆரம்பிக்கலாம் என்பதற்கு ஒரு விரல். மெதுவாக என்பதற்கு உள்ளங்கை கீழ்நோக்கி. சீக்கிரம் என்பதற்கு விரலைச் சக்கரம்போலச் சுற்றுவது. நிலையத்து அதிகாரி ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். அண்ணாவி குழம்பினார். மாடக்கண்ணு ஒரே தடவையில் கற்றுக்கொண்டான்.

ஒத்திகையில்தான் அது நடந்தது. வில்லைக் குடத்தில் கட்டி, காப்புப் பாட்டு நான்கு வரி பாடினார்கள். கண்ணாடிக்கு அப்பால் காதில் கருவி மாட்டியிருந்த என்ஜினீயர் எழுந்து வந்தார். இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். குடத்தின் சத்தம் மைக்கில் போய் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது என்றார். கேட்கிறவர்களுக்குக் கதையே விளங்காது. அதனால் வில்லை ஒரு மரமுக்காலியில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், குடம் மட்டும் பின்னால், அந்த மூலையில் இருக்கட்டும், நடுவில் ஒரு துணித் தட்டி வைத்தால் அளவாக இருக்கும் என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் கருவிக்கு அதுதான் சரி.

மாடக்கண்ணுவுக்கு இதெல்லாம் தெரியவில்லை. அவர் உதட்டைப் பார்த்தான். மூலையைக் காட்டியது தெரிந்தது. பிறகு செல்லப்பா குனிந்து, வில்லுக்கும் குடத்துக்கும் நடுவில் இருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அப்போது தெரிந்தது.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அண்ணாவி ஏதோ கேட்டார். அவர் தாடை லேசாகத் தூக்கி நின்றது.

“ஆமா” என்றான் மாடக்கண்ணு.

குடத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தான். அவனுக்கு முன்னால் தட்டி வந்து நின்றது. அண்ணாவி மைக்கைப் பார்த்து உட்கார வேண்டியிருந்ததால், தட்டி இல்லாவிட்டாலும் தெரிவது அவர் முதுகுதான். குடத்தில் கை வைத்துப் பார்த்தான். அது சும்மா மண்ணாக இருந்தது.

எட்டு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவனைக் காப்பாற்ற ஒன்றே ஒன்று இருந்தது. பாட்டு அறையில் விளக்கு வெளிச்சம், கண்ணாடிக்கு அப்பால் இருட்டு. அதனால் அந்தக் கண்ணாடி பாதி ஜன்னலாகவும் பாதி முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருந்தது. தட்டியின் ஓரத்தில் தலையைச் சாய்த்தால் அதில் அண்ணாவி தெரிந்தார். சின்னதாக, இடம் வலமாக மாறி. வீசுகோல் இடது கையில் இருப்பதுபோல இருந்தது. ஆனால் கோல் விழுவது தெரிந்தது, தாடை தூக்குவதும் தெரிந்தது. அது போதும். மாடக்கண்ணு குடம் அடிக்கிற கமுகம்பாளைத் தட்டை எடுத்துக் குடத்தின் வாயில் அடித்தான். ஆமா போட்டான். ஒன்றும் தவறவில்லை.

பாடியது மடைக்காத்தார் கதை. ஐப்பசி அடைமழையில் குளம் உடையாமல் மதகைக் காவல் காத்த ஒருவன். கரையை வெட்ட வந்தவர்களை விரட்டி, விடியும்வரை ஒற்றை ஆளாக நின்றவன். விடியும்போது பின்னாலிருந்து வெட்டுப்பட்டு மடையிலேயே விழுந்தவன். அவன் விழுகிற இடத்தில் ஒரு முறை உண்டு. சண்டையில் குடமும் உடுக்கையும் உச்சத்துக்குப் போகும். வெட்டு விழுந்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். மூன்று மூச்சு நேரம் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. பிறகு அண்ணாவி தனியாக, வாத்தியம் இல்லாமல், பேசுகிற குரலில், ‘தண்ணி நிண்ணுச்சு, ஆளு நிக்கல’ என்று சொல்வார். கொடையில் அந்த இடத்தில் கைக்குழந்தைகூட அழாது. அந்த நேரத்தில் சத்தம் எழுப்பினால் சாமிக்கு ஆகாது என்பது ஊர் வழக்கம்.

சண்டை தொடங்கியபோது அதிகாரி இருட்டு அறைக்குள் போவதை மாடக்கண்ணு பார்த்தான். காப்புப் பாட்டை அண்ணாவி அதிகம் இழுத்துவிட்டதால் நேரம் போதாமல் போயிருந்தது. அது அவனுக்குத் தெரியாது. அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்க்க உள்ளே விளக்கைப் போட்டார்.

கண்ணாடியில் இருந்த அண்ணாவி காணாமல் போனார். அவர் இருந்த இடத்தில் ஒரு மேஜையும், ஒரு கூஜாவும், விரலைச் சக்கரம்போலச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மனிதரும் இருந்தார்கள்.

மாடக்கண்ணு நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. பதினைந்து வருஷம் அடித்த கதை. கை தானாகப் போகும். எதிரி முதல் தடவை வருகிறான், ஆமா. ஈட்டியை எடுக்கிறான், ஆமா. இரண்டாம் தடவை வருகிறான். மனசுக்குள் அண்ணாவியின் குரலைப் பாட விட்டு அவன் அதற்கு அடித்தான். இரண்டு வருஷத்துக்கு முந்திய குரல். அவனிடம் இருந்தது அதுதான்.

அறையில் இருந்த அண்ணாவி விரல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் வருகிற பாட்டை விட்டுவிட்டார். நேரே வெட்டுக்குப் போனார். காவல்காரன் விழுந்தான். உடுக்கை நின்றது. தாளம் நின்றது. நாண் நின்றது. தட்டிக்குப் பின்னால் குடம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மூச்சுக்கும் மேலாக அடித்தது. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாதபோது, தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் “ஆமா” என்றது.

குற்றாலிங்கம் முழங்காலிலேயே நகர்ந்து வந்து தட்டி ஓரமாகத் தலையை நீட்டினான். அவன் கண்ணைப் பார்த்ததும் மாடக்கண்ணுவின் கை நின்றது.

வெளியே வந்த பிறகு யாரும் அவனிடம் பேசவில்லை. பேசியிருந்தால் அவன் பார்த்திருப்பான், நால்வரும் ஜங்ஷன் வரை விளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தார்கள். அதிகாரியும் என்ஜினீயரும் நன்றாக இருந்தது என்று கைகொடுத்தது மட்டும் தெரிந்தது. அவர்களுக்கு இந்தக் கதையின் முறை தெரியாது.

ரயில் பெட்டியில் யுத்தத்துக்காக விளக்குகளுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். முகங்கள் தெரியவில்லை. செல்லப்பாவும் குற்றாலிங்கமும் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். ஒரு ஸ்டேஷனில் வண்டி நின்றபோது, அண்ணாவி எதிரேயிருந்து குனிந்து அவன் முழங்காலைத் தட்டினார். அவர் தலை அசைவது நிழலாகத் தெரிந்தது. உதடு தெரியவில்லை. தலை நின்றது. பதிலுக்கு நிற்கிறது.

“ஆமா” என்றான்.

அண்ணாவி பின்னால் சாய்ந்து துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். எதற்கு ஆமா சொன்னோம் என்று தெரியாமல் மாடக்கண்ணு விடியும்வரை குடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழப்பாவூர்க்காரனைக் கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டிருப்பாரோ? அதற்கும் ஆமாதானா?

தென்காசியில் இறங்கும்போது மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. சாரல் ஊசி ஊசியாக விழுந்தது. ஜட்கா வண்டி மேலகரம் கோயில் முன்னால் நின்றதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். முந்தின நாள் குற்றாலத்தில் ஒரு மிராசுதார் பங்களாவில், பேட்டரியில் ஓடுகிற ரேடியோவைத் தாழ்வாரத்தில் தூக்கி வைத்து ஊரையே கேட்க விட்டிருக்கிறார்கள். மாமரத்தில் கம்பி கட்டி, மழையில் நனைந்துகொண்டு, எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். கரகரப்பு அதிகம். ஆனாலும் கேட்டிருக்கிறது.

அவர்கள் அண்ணாவியைப் பிடித்துக்கொண்டதைப் போலவே மாடக்கண்ணுவையும் பிடித்துக்கொண்டார்கள். அவனுக்குப் புரியவில்லை. வசவுக்கு யாரும் இப்படித் தோளைத் தொட மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். கோயில் தர்மகர்த்தா செண்பகம்பிள்ளைக்குப் பல் இல்லை, உதட்டை நன்றாக அசைத்துத்தான் பேசுவார்.

“மடைக்காத்தார் விழுந்த பொறவும் கொடம் அடிச்சுதே. அவரு நெஞ்சுல்லா அது. உடம்பு விழுந்துட்டு, காவல் விழலன்னு. எனக்கு மேலு சிலுத்துப்போச்சு. அதுக்கு மேல ஒரு ஆமா. யாரு சொன்ன ஆமா அது? சாமி சொன்ன ஆமா.”

அண்ணாவி ஊராரின் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். ராத்திரி முழுக்க இறுகியிருந்த அவர் முகம் மெல்லத் தளர்வதை மாடக்கண்ணு பார்த்தான். அவர் அவன் தோளில் கையைப் போட்டார்.

“எனக்கே மொதல்ல கோவந்தான் பிள்ளைவாள். முறையை மாத்திப்புட்டானேன்னு. ரயில்ல கேட்டேன், வேணும்னுதான் செஞ்சியாலேன்னு. ஆமான்னுட்டான். ஒத்தச் சொல்லு. இன்னைக்குக் கொடையிலயும் அப்படியேதான்.”

அப்படியாக, காதில் விழாத கேள்விக்குச் சொன்ன பதிலால் மாடக்கண்ணு தப்பித்தான். கீழப்பாவூர்க்காரன் இனி வர மாட்டான். குடத்தின் ஓரம் அவனுடையதுதான். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தான். தோளில் கிடந்த கை கனத்தது. சுற்றி நின்று எல்லாரும் ஒரு சத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அதைக் கேட்காதவன் அதை எழுப்பியவன் ஒருவன்தான்.

வீட்டில் உலகம்மை சோறு எடுத்து வைத்தாள். அவளும் பங்களாவுக்குப் போயிருக்கிறாள் என்று நனைந்து காய்ந்துகொண்டிருந்த சேலையைப் பார்த்துத் தெரிந்தது. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு வெளிச்சத்தில் அவன் பக்கமாகத் திரும்பினாள். அவள் அப்படித் திரும்பிப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

ஊரே சாமி சொன்ன ஆமா என்கிறது, எனக்கு அப்படித் தோன்றவில்லை என்று ஆரம்பித்தாள். அவள் உதடு மெதுவாக அசைந்தது, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அது நம்ம வீட்டு ஆமா. நான் ஒண்ணுமே கேக்காம இருப்பேன், நீங்களா சொல்லுவீங்களே. அதேதான். இருட்டுல நிண்ணு கேட்டேன். அழுகையா வந்துச்சு.”

நாக்கில் ஆமா வந்தது. அவன் அதை விழுங்கினான். அவள் வட்டிலை எடுத்துக்கொண்டு போனாள்.

கொடைக்கு உட்காருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுத்தான் வில்லைத் தொட வேண்டும். மூன்று மணிக்கு நால்வரும் பேரருவிக்குப் போனார்கள். சாரல் காலத்துத் தண்ணீர், பாறை தெரியாமல் விழுந்தது. மாடக்கண்ணுவுக்கு அந்த இடம் எப்போதும் பிடிக்கும். அங்கே எல்லாரும் செவிடர்கள். புருஷன் பெண்டாட்டியைக் கையாட்டிக் கூப்பிடுவான். எண்ணெய் தேய்த்தவன் தலையை அசைத்துப் பேசுவான். வாயைப் பெரிதாகத் திறப்பார்கள், சிரிப்பார்கள், விட்டுவிடுவார்கள். இரண்டு வருஷமாக ஆள் இல்லாத விடியற்காலையில் அவன் இங்கே வந்து, தண்ணீருக்கு அடியில் நின்று, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். தொண்டை அதிர்வதிலிருந்து சொல்லியாகிவிட்டது என்று தெரியும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும்.

இன்றைக்கு அவனுக்கு ஒரு கை தூரத்தில் அண்ணாவி நின்றார். குடுமி அவிழ்ந்து முகத்தை மூடியிருந்தது. மாடக்கண்ணு அவர் பக்கம் திரும்பி அதைச் சொன்னான். முழுவதும் சொன்னான்.

அண்ணாவி முடியை ஒதுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தார். காதில் கையை வைத்துக் காட்டினார்.

“கேக்கலலே” என்றது அவர் வாய். சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் போய்விட்டார்.

ஆறு மணிக்குப் பந்தலில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றினார்கள். ரயில் தாமதமாகவில்லை, சாமிக்குச் சொன்ன சொல் தவறவில்லை. முன்வரிசையில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மை தூண் ஓரத்தில் இருந்தாள். செல்லப்பா வில்லைக் கொண்டுவந்து குடத்தின் கழுத்தில் கிடத்தினான். அண்ணாவி தாமே கயிற்றைச் சுற்றி, முழங்காலால் அழுத்தி, இறுக்கிக் கட்டினார். வீசுகோலால் நாணை ஒரு தடவை தொட்டார்.

வந்துவிட்டது. மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஓடி, நெஞ்சுக்குள் வந்துவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தவன் மாதிரி மாடக்கண்ணு குடத்தை இழுத்து அணைத்துக்கொண்டான். மணிகள் வந்தன. உடுக்கையைக் குற்றாலிங்கம் சூடு காட்டித் தட்டிப் பார்த்தது வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்தக் கொடையும், அடுத்த கொடையும், கை ஓய்கிற காலம்வரை எல்லாக் கொடையும் இப்படியே இருக்கும்.

அண்ணாவி குனிந்தபடியே அவன் முகத்துக்கு நேராகத் திரும்பினார். விளக்கு அவர் உதட்டில் விழுந்தது.

“வெட்டு விழுந்த பொறவு நேத்து மாதிரியே அடி, என்ன? நான் நிறுத்துதேன், நீ நிறுத்தாத.” பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக நிமிர்ந்தார். “ஆமா, அருவியில என்னமோ சொன்னியே. என்னலே அது?”

அவர் தாடை லேசாகத் தூக்கி நின்றது.

மாடக்கண்ணு அந்தத் தாடையைப் பார்த்தான். அதற்கு அப்பால், தூணோரத்தில், உலகம்மை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் முழங்காலை நகர்த்தினான். பிறகு குடத்திலிருந்து இடது கையை எடுத்தான். பந்தலின் சத்தம் முழுவதும் ஒரேயடியாக அணைந்துபோயிற்று. உதடுகள் அசைந்தன, குழந்தைகள் ஓடின, விளக்கு எரிந்தது.

எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தை அவன் சொல்லிப் பழகியது அருவிக்கு அடியில். அந்த அளவுக்கே சொன்னான். பந்தலின் கடைசி வரிசைவரை திரும்பிப் பார்த்தது.

“எனக்குக் காது கேக்காது, அண்ணாச்சி.”